பின்னறையும் கணப்படுப்பும்

எங்கள் வீட்டு ஹாலில் ஒரு கணப்படுப்பு இருக்கிறது. குளிர்காய்வதற்கு. வில்லியனூர் பக்கத்தில், மார்கழியிலும் மின்விசிறி போட்டுக்கொண்டு தூங்குகிற ஒரு ஊரில், கல் வைத்துக் கட்டிய கணப்படுப்பு. வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் அதைப் பார்க்கிறார்கள், பிறகு என்னைப் பார்க்கிறார்கள். அண்ணன்காரன் ஆசைக்குக் கட்டிவிட்டான், பாவம் இவள் என்ன செய்வாள் என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம். நானும் மறுத்துச் சொல்வதில்லை. மூன்று படங்கள் அனுப்பியதில் இதைப் பொறுக்கி எடுத்தவள் நான்தான் என்று எப்படிச் சொல்வது?

அண்ணன் பிரான்சுக்குப் போய் இருபத்தெட்டு வருஷம் ஆகிறது. எங்கள் பக்கத்தில் இது ஒன்றும் அதிசயமில்லை. கோயில் தெருவில் வீட்டுக்கு ஒருவர் அங்கே இருக்கிறார்கள். பிரெஞ்சு நேஷனாலிட்டி உள்ள பெண்ணைக் கட்டினால் மாப்பிள்ளையும் போய்ச் சேரலாம் என்பதால்தான் அண்ணியைத் தேடிப் பிடித்தோம். அவன் போனான். நான் இருந்தேன். பால்வாடியில் டீச்சர் வேலை, மிச்ச நேரமெல்லாம் அம்மா. அம்மாவுக்கு ஒரு பக்கம் கைகால் விழுந்த பிறகு பத்தொன்பது வருஷம் அவள் கட்டிலுக்குக் கீழே பாய் போட்டுப் படுத்தேன். என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் அந்தக் கட்டிலையும் பார்த்தார்கள், காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். இதை நான் தியாகம் என்று சொல்லவில்லை. யாரும் கேட்காமலே என் தலையில் விழுந்த வேலை, செய்தேன், அவ்வளவுதான்.

பழைய வீடு ஓட்டு வீடு. ஒரு கூடம், ஒரு சமையலறை, பின்னால் ஒரு தாழ்வாரம். எனக்கென்று தாழ்ப்பாள் போடுகிற மாதிரி ஒரு கதவு அந்த வீட்டில் இருந்ததில்லை. சேலை மாற்ற வேண்டுமென்றால் சமையலறைக் கதவுக்கு அரிசி மூட்டையை அண்டக் கொடுத்துவிட்டு மாற்றுவேன். பாதி மாற்றிக்கொண்டிருக்கும்போதே அம்மா கூப்பிடுவாள். அழ வேண்டும் என்றால் அதற்கும் அதே மூட்டைதான். ஐம்பத்திரண்டு வயது வரைக்கும் ஒரு மனுஷி கதவைச் சாத்திக்கொண்டு ஒரு பத்து நிமிஷம் சும்மா உட்கார்ந்ததில்லை என்று சொன்னால், சொந்த அறையில் பிறந்து வளர்ந்தவர்களுக்குப் புரியாது. புரிய வேண்டாம்.

அம்மா போன பிறகு, முப்பதாம் நாள் பூசைக்கு அண்ணன் வந்திருந்தான். அப்போதுதான் ஓட்டு வீட்டை இடித்துவிட்டு மாடி வீடு கட்டலாம் என்றான். மனையை அவன் பேருக்கு மாற்றிக்கொள்ள ஒரு கையெழுத்து கேட்டான். போட்டேன். பத்திர ஆபீசை விட்டு வெளியே வந்து கரும்புச்சாறு குடித்துக்கொண்டிருந்தபோது அவனாகத்தான் சொன்னான்.

"மாடி எங்களுக்கு. வருஷத்துக்கு ஒரு மாசம் வருவோம். கீழ ஹாலு, கிச்சன். பின்னாடி ஒரு ரூம் போட்டு உனுக்குக் குடுத்துடறேன். கதவு, ஜன்னலு எல்லாம் வெச்சி, உன் ரூம்."

உன் ரூம். அந்த இரண்டு வார்த்தையை வைத்துக்கொண்டு நான் ஒரு வருஷம் ஓட்டினேன். வீட்டு பிளானில் ஹாலுக்குப் பின்னால் ஒரு சதுரம் இருந்தது. பத்துக்குப் பத்து. கிழக்கே ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுக்காரர்களின் கத்திரித் தோட்டம். கட்டிலை எங்கே போடுவது, பீரோவை எங்கே வைப்பது என்று பால்வாடி வருகைப் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் வரைந்து வரைந்து அழித்தேன். பிள்ளைகள் மதியம் தூங்குகிற நேரத்தில் எனக்கு இதுதான் வேலை.

அஸ்திவாரம் முடிந்து சுவர் இடுப்பளவு வந்தபோது அண்ணன் போனில் புதிதாக ஒன்றைச் சொன்னான். "ஹால்ல ஒரு ஷெமினே வெக்கணும்." என்ன அது என்று கேட்டேன். பனிக்காலத்தில் வீட்டுக்குள் விறகு எரித்துக் குளிர்காய்கிற அடுப்பாம். நம் ஊரில் ஏது பனி என்று கேட்டேன். "உனுக்குத் தெரியாது. ஒரு வூடுன்னா அது இருந்தாதான் வூடு மாதிரி இருக்கும்" என்றான். வாட்ஸப்பில் மூன்று படங்கள் வந்தன. கூடவே ஒரு குரல் பதிவு: "மூணும் எனுக்குப் புடிச்சிருக்கு. நீயே ஒண்ண செலக்ட் பண்ணு. வருஷம் பூரா பாத்துக்கினு இருக்கப் போறது நீதான?"

எனக்கு அது பெருமையாக இருந்தது. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வீட்டில் ஒரு செங்கல்லைக் கூட என்னைக் கேட்டு வைக்கவில்லை. தரைக்குப் போட்ட டைல்ஸ் அண்ணியின் விருப்பம், வாசல் கதவு அண்ணனின் விருப்பம், சுவரின் நிறம் அவர்கள் பெண்ணின் விருப்பம். என்னைக் கேட்டது இந்த ஒன்றுக்குத்தான்.

முதல் படத்தில் இரும்புப் பெட்டி ஒன்று நான்கு காலில் நின்றது. அதிலிருந்து ஒரு குழாய் சுவரில் நுழைந்து வெளியே போனது. இரண்டாவது, ஹால் மூலையில் முக்கோணமாகக் கட்டியது. மூன்றாவது பெரியது. கல்லில் கட்டிய குகை மாதிரி இருந்தது. குகைக்கு மேலே ஒரு கல் பலகை, பலகையின் மேல் இரண்டு பக்கமும் மெழுகுவர்த்தி, நடுவில் ஏதோ சின்னச் சின்ன பொம்மைகள்.

அதைப் பார்த்த உடனே எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? பீடம். அப்புறம் குடில்.

எங்கள் ஊரில் கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வீடு குடில் வைப்போம். மண் சுரூபங்கள் அம்மா வீட்டுச் சீதனமாக வந்தவை. மாதா, சூசையப்பர், மூன்று ராஜாக்கள், ஒட்டகம், நாலு ஆடு. ஒவ்வொரு வருஷமும் அட்டைப்பெட்டியில் குகை செய்து, கறுப்புக் காகிதம் ஒட்டி, வைக்கோல் பரப்பி வைப்பேன். அட்டைப்பெட்டி ஒரு பக்கம் சரியும், ஒட்டகம் விழும். அதே ஹாலில் கல்லாலேயே ஒரு குகை, மேலே மாதாவுக்கு ஒரு பலகை என்றால் யாருக்குத்தான் கசக்கும்? மற்ற பதினோரு மாதமும் அதில் ஜெபப் புத்தகமும் பூச்சாடியும் இருக்கும் என்று முடிவு கட்டினேன். நெருப்பு என்ற பேச்சே என் மண்டையில் ஏறவில்லை. வில்லியனூரில் ஹாலுக்குள் உட்கார்ந்து எவன் குளிர்காயப் போகிறான்? படம் அழகாக இருக்கிறது, கட்டுகிறார்கள், கடைசியில் நமக்குத்தானே உபயோகப்படும் என்று நினைத்தேன். எனக்கு அவ்வளவு சாமர்த்தியம்.

அண்ணன் படத்துக்குக் கீழே அளவுகளை சென்டிமீட்டரில் போட்டிருந்தான். சுரூபப் பெட்டியிலிருந்து ராஜாவையும் ஒட்டகத்தையும் எடுத்துத் தையல் டேப்பால் அளந்தேன். இரும்புப் பெட்டிக்குள் ஆடு கூட நுழையாது. மூலையில் கட்டுவதில் மாதாவும் சூசையப்பரும் இடித்துக்கொண்டு நிற்பார்கள். பெரியதில் எல்லாரையும் வைத்து ஒரு மலை கூட அமைக்கலாம். "மூணாவது" என்று பதில் போட்டேன். அண்ணன் கைதட்டுகிற பொம்மை நாலைந்து அனுப்பினான்.

மேஸ்திரி படத்தைப் பார்த்துவிட்டு வெகுநேரம் தலையைச் சொறிந்தார்.

"இன்னாம்மா இது, ஹாலுக்குள்ள சூளையா?"

"அண்ணன் சொல்லுது மேஸ்திரி, கட்டுங்க."

"கட்டிடலாம். நெருப்பு தாங்கற கல்லு சேதராப்பட்டுல என் மச்சான் வேல செய்யற கம்பெனி பக்கத்துல கெடைக்கும். அது இல்லம்மா பிரச்சன." சாக்பீஸை எடுத்து ஹாலின் பின்சுவரில் ஒரு கட்டம் போட்டார். பிறகு சுவரின் மேல் கையை வைத்துத் தாண்டி, அந்தப் பக்கம் இறங்கி நின்றார். அவர் நின்ற இடம் என் அறை. "படத்துல மூஞ்சி சுவத்தோட சமமா கீது. அப்ப வயிறெல்லாம் இந்தப் பக்கந்தான் வரணும். மூணு அடி. பொகக்கூண்டும் இப்படியேதான் மேல போவும்."

"மூணு அடின்னா?"

"இந்த ரூம்ல மூணு அடி பூடும். அது மட்டும் பொடச்சிக்கினு நின்னா அசிங்கமா இருக்கும், சுவத்தயே தள்ளிக் கட்டிடறேன். சின்ன பொட்டி ஒண்ணு இருக்குதே, அத வெச்சா ஒண்ணும் பூடாது. ஓட்ட போட்டு கொழாய வுட்டா வேல முடிஞ்சிது. கேட்டுப் பாருங்க."

கேட்டிருக்க வேண்டும். அன்றைக்கே போன் போட்டு, வேண்டாம் அண்ணா, எனக்குத் தெரியாமல் பெரியதைச் சொல்லிவிட்டேன், முதல் படத்தையே வைத்துக்கொள்வோம் என்று சொல்லியிருந்தால் தீர்ந்தது. அவன் ஒன்றும் அடித்துவிடப் போவதில்லை. ஆனால் வாழ்நாளில் ஒரு தடவை என்னைக் கேட்டான், அதையும் மாற்றி மாற்றிப் பேசுகிறாள் என்று நினைப்பானோ என்று ரோஷம். ஏழுக்குப் பத்து என்றாலும் கட்டில் போடலாம், பீரோவைக் காலடியில் வைத்துக்கொள்ளலாம் என்று அன்று மதியமே பதிவேட்டில் புதிதாக வரைந்தேன். மூன்றடி போனால் போகட்டும், கதவு இருக்கிறதே.

கூரை போட்டு முடித்து, கணப்படுப்புக்கு நெற்றி வைத்துக் கல் பலகை பதித்த வாரம் அண்ணன் மறுபடி கூப்பிட்டான். விறகு ஈரமாக இருந்தால் புகையுமாம். ஒரு வருஷமாவது வீட்டுக்குள் வைத்துக் காய வைக்க வேண்டுமாம். ஏதோ வீடியோவில் பார்த்திருக்கிறான்.

"அடுப்புக்குப் பக்கத்துலயே ஒரு எடம் வோணும். மழைல நனையக் கூடாது. பின்னாடி அந்த ரூம்லயே அடுக்கிடலாம்."

நான் போனை இன்னொரு காதுக்கு மாற்றினேன்.

"இன்னா, லைன்ல இருக்கியா?"

"அது... எனக்குன்னு சொன்ன ரூம்ண்ணா."

"உனுக்கு இன்னா கொறச்சலு? ஹாலே உன்னுதுதான். கிச்சன் உன்னுது. நாங்க இன்னா வருஷம் பூரா வந்து குந்திக்கப் போறோமா? அதுவும் இல்லாம அந்தச் சுவரு சூடு ஏறும், அங்க எப்படிப் படுப்ப? உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"சரி" என்றேன்.

இந்தச் 'சரி'யை நான் மன்னிப்பதே இல்லை. அம்மாவுக்கு மலம் அள்ளிக் கொட்டியதைக் கூட மறந்துவிட்டேன். போனை வைத்த பிறகு, வீடு கட்டும்வரை வாடகைக்கு இருந்த வீட்டின் சமையலறையில் நின்று அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டியதை எல்லாம் சட்டியிடமும் பானையிடமும் சொன்னேன். எவ்வளவு நன்றாகப் பேசினேன் தெரியுமா? வக்கீல் தோற்றுப் போவான்.

டிசம்பர் நடுவில் அண்ணன் குடும்பத்தோடு வந்தான். வீடு மந்திரிக்க ஃபாதர் வந்தார். ஊர்க்காரர்கள் ஐம்பது பேருக்கு மேல். ஃபாதர் ஒவ்வொரு அறையாகப் போய்த் தீர்த்தம் தெளித்து ஜெபம் சொன்னார். சமையலறை முடிந்து பின்னறை வாசலுக்கு வந்தார். சுண்ணாம்பு வாசனையோடு அறை வெறுமையாக இருந்தது. கிழக்கு ஜன்னல் வழியாக வெயில் தரையில் விழுந்திருந்தது.

"இது யார் ரூம்?" என்று ஃபாதர் கேட்டார்.

"தங்கச்சி ரூம் ஃபாதர்" என்றான் அண்ணன்.

ஃபாதர் என்னைப் பார்த்துச் சிரித்தார். உள்ளே போய், இங்கே தங்கும் உமது மகளுக்குச் சமாதானத்தைத் தாரும் என்று ஜெபித்தார். எல்லாரோடும் சேர்ந்து நானும் ஆமென் சொன்னேன். அண்ணன் மனசு மாறிவிட்டான், ஆள் கூட்டத்தில் இப்படிச் சொல்லி எனக்கு ஆச்சரியம் கொடுக்கிறான் என்று நம்பினேன். அன்று வந்தவர்களுக்குப் பிரியாணி பரிமாறினேன், கால் தரையில் பாவவில்லை. எதிர்வீட்டு அக்கா, "இன்னாடி, கல்யாணப் பொண்ணு மாதிரி சிரிக்கற?" என்று கேட்டாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு பனித்திட்டுப் பக்கத்துத் தோப்பிலிருந்து குட்டியானை வண்டியில் சவுக்குக் கட்டை வந்து இறங்கியது. இரண்டு பேர் தோளில் தூக்கிக்கொண்டு நேராகப் பின்னறைக்குப் போனார்கள். நான் அண்ணனிடம் போய், "நேத்து ஃபாதர்கிட்ட தங்கச்சி ரூம்னு சொன்னியே?" என்று கேட்டேன்.

அவன் உண்மையிலேயே திகைத்துப் போனான். "அவுருகிட்ட விறகு ரூமுன்னா சொல்ல முடியும்? விறகுக்கா மந்திரிப்பாங்க?"

அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை என்பதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். கெட்டவனாக இருந்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பே கணப்படுப்புக்குள் குடில் அமைத்துவிட்டேன். பிடிவாதம்தான், வேறென்ன? ஒட்டகம் கம்பீரமாக நின்றது. பார்க்க வந்த தெருப் பெண்கள் அசந்து போனார்கள். அண்ணி பார்த்துவிட்டு, "ஐயய்யோ, அது நெருப்பு வெக்கற எடம்" என்று பதறினாள். மாதா, சூசையப்பர் எல்லாரும் டிவி ஸ்டாண்டுக்கு மாறினார்கள். கிறிஸ்துமஸ் அன்று மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் ஹாலின் ஏசியைப் பதினெட்டில் வைத்து, ஜன்னல்களைச் சாத்தி, அண்ணன் சவுக்கைப் பற்ற வைத்தான். அவன் பெண் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு போனில் படம் எடுத்தாள்.

ஐந்தே நிமிஷம். புகை மேலே போகாமல் திரும்பி ஹாலுக்குள் வந்தது. மேஸ்திரி மழைத்தண்ணி இறங்கும் என்று புகைக்கூண்டின் உச்சியில் பலகைக்கல் வைத்துச் சிமெண்டு பூசி மூடியிருக்கிறார். அவரைக் கேட்டால், "பின்ன? ஐப்பசி மழைக்கு யாரு பதிலு சொல்றது?" என்றார். எல்லாரும் இருமிக்கொண்டு தெருவுக்கு ஓடினோம். பெரிய குரலில் சிரித்தவள் நான் ஒருத்திதான்.

அன்று சாயங்காலம், ஹாலைக் கழுவிவிட்ட பிறகு, அண்ணன் அந்த அடுப்புக்கு முன்னால் தனியாக உட்கார்ந்திருந்தான். நான் தேநீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். போன புதிதில் நடந்த ஒன்றைச் சொன்னான். ஆஸ்பத்திரி சலவைக் கூடத்தில் வேலை. மேலதிகாரியின் வீட்டுக்கு ஒரு பையைக் கொடுக்கப் போயிருக்கிறான். வெளியே பனி. அவர்கள் குடும்பமே இப்படி ஒரு அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்ததாம். இவன் பூட்ஸில் பனி ஒட்டியிருந்ததால் கதவுக்கு உள்ளே போட்டிருந்த மிதியடியிலேயே நிற்கச் சொன்னார்களாம். "அங்கருந்து பாத்தாலே சூடா இருக்கற மாதிரி இருந்திச்சி" என்றான். அவன் வீடு அங்கே ஆறாவது மாடியில் இரண்டு அறை என்பது எனக்குத் தெரியும். அதில் இப்படி எதுவும் கிடையாது. எனக்கு அவன்மேல் பாவமாகத்தான் இருந்தது. அவன் நின்ற மிதியடிக்காக நான் என் அறையைக் கொடுக்க வேண்டுமா என்ற கேள்வியும் கூடவே இருந்தது. காலி டம்ளரை வாங்கிக்கொண்டு சமையலறைக்குப் போனேன்.

ஜனவரியில் அவர்கள் கிளம்பினார்கள். அதற்குள் மேஸ்திரி மூடியை உடைத்து, புகை போக நாலு பக்கமும் வழி வைத்துத் தகரத் தொப்பி ஒன்று மாட்டினார். விமானத்துக்குக் கிளம்பும்போது அண்ணன் காருக்குள்ளிருந்து சொன்னான்: "அப்பப்ப கொளுத்தி வை. இல்லன்னா அணிலு உள்ள கூடு கட்டிடும்."

அதைப் பிடித்துக்கொண்டேன்.

விறகை யாருக்காவது கொடுத்துவிட எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்? மாதா கெபித் திருவிழாவுக்குச் சமைக்கக் கேட்டார்கள். எதிர்வீட்டு அக்கா வெந்நீர் போடக் கேட்டாள். ஆனால் எங்கள் தெருவில் தும்மினால் பாரீசில் கேட்கும். அவன் வாங்கிய விறகை நான் ஊருக்கு வாரி இறைத்தேன் என்று பேச்சு வரும். அடுப்பில் எரித்தால் யார் என்ன சொல்ல முடியும்? அவன் சொன்னதைத்தானே செய்கிறேன். பிப்ரவரியில் ஆரம்பித்தேன். தினமும் பால்வாடியிலிருந்து வந்ததும் நாலு கட்டை. பிறகு ஆறு. மாசி போய், பங்குனி போய், சித்திரை வந்தது. கத்திரி வெயில் தொடங்கியபோது அறை பாதிதான் காலியாகியிருந்தது. லீவு விட்டார்கள், நாள் முழுக்க எரித்தேன்.

வெளியே தார் ரோடு உருகிக்கொண்டிருக்கும். நான் வாசல் கதவையும் கொல்லைக் கதவையும் திறந்து போட்டுவிட்டு, ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு ஹாலில் கட்டை கட்டையாக நெருப்பில் தள்ளுவேன். முகம் வெந்து போகும். சுவரில் பல்லி கூட இல்லை, ஓடிவிட்டது. எதிர்வீட்டு அக்கா வாசலில் நின்று சத்தம் போட்டாள்.

"இன்னாடி, கத்திரி வெயில்ல நெருப்பு மூட்டிக்கினு குந்தினுகீற? ஒடம்பு கிடம்பு சரியில்லயா?"

"அணிலு கூடு கட்டிடும்க்கா."

அவள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள். மறுநாள் கோயிலில் எனக்காக ஒரு பூசை வைத்ததாகப் பின்னால் தெரிந்தது.

கடைசிக் கட்டையை எரித்தது ஒரு வியாழக்கிழமை. அறையைப் பெருக்கிச் சவுக்குத் தூளை அள்ளினேன், இரண்டு தடவை கழுவினேன். அம்மாவின் கட்டிலை ஹாலிலிருந்து இழுத்துப் போட்டேன். ஏழடியில் கச்சிதமாகப் பொருந்தியது. கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். புதுத் தாழ்ப்பாள், கொஞ்சம் இறுக்கமாக இருந்தது, உள்ளங்கையால் தட்டிப் போட வேண்டியிருந்தது. பட்டப்பகலில் கட்டிலில் மல்லாந்து படுத்தேன். யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தாலும் எழுந்திருக்க மாட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். அந்தச் சுகத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அழலாம் என்று பார்த்தேன், அழுகை வரவில்லை, தூக்கம்தான் வந்தது.

பதினொரு நாள் அப்படி இருந்தேன்.

பன்னிரண்டாம் நாள் காலையில் அண்ணன் வீடியோவில் வந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"எதிர்வூட்டு அக்கா பையன் எல்லாம் சொன்னான். தெனம் தெனம் கொளுத்தறியாம? வெயில்ல கூட? நானு உனுக்கு அது புடிக்கலியோன்னு நெனச்சிக்கினு இருந்தேன். குடிலு வெச்சத எடுத்துட்டோம்னு மூஞ்சத் தூக்கி வெச்சினு இருந்தியே, எனுக்கு மனசே சரியில்ல." அவன் கண் லேசாகக் கலங்கியிருந்தது. "நம்ம வூட்ல ஒரு ஆளாவது அது முன்னாடி குந்துதேன்னு நெனச்சா அவ்ளோ சந்தோஷமா இருக்கு. விறகு தீந்து போயிருக்குமே? ரெண்டு லோடு சொல்லிட்டேன். இன்னிக்கு வந்துடும். நீ ஒண்ணும் யோசிக்காத, நல்லா கொளுத்து."

இருபத்தெட்டு வருஷத்தில் என் சந்தோஷத்தை நினைத்து அவன் தானாகச் செய்த காரியம் இது ஒன்றுதான். எனக்கு வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அந்த முகத்தைப் பார்த்தேன். "சரிண்ணா" என்றேன்.

பத்து மணிக்கு வண்டி வந்தது. இறக்குகிறவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் பின்னறைக் கதவைத் தள்ளினார்.

"எம்மா, உள்ள கட்டிலு போட்டுத் தலகாணி எல்லாம் கீது? யாரோ தங்கற ரூமு மாதிரி இருக்குதே, இங்கயா எறக்கறது?"

"யாரும் தங்கலப்பா" என்றேன். "அது விறகு ரூமுதான். கட்டில ஹாலுல தூக்கிப் போட்டுட்டு எறக்குங்க."